ஸ்டோர்கீப்பர் சம்பளம் சேராது

கண்ணு,

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுவாய், பாதியில் ஆபீஸ் போன் வரும், கடைசியில் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சுகன்யா பக்கத்தில் இருந்தால் உடனே அவளிடம் நீட்டிவிடாதே, முதலில் நீ படி. பிறகு அவளும் படிக்கட்டும். உன் பெண்டாட்டிக்குத் தெரியாத விஷயம் இதில் ஒன்றும் இல்லை. உனக்குத்தான் எதுவும் தெரியவில்லை.

நிலவரத்தை ஒருமுறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ மறந்துவிட்டேன் என்று சொல்லக்கூடாது. சுகன்யாவுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. அவளுக்கு அம்மா இல்லை. அம்மா வீட்டில் நடக்க வேண்டிய தலைப்பிரசவத்தை மாமியார் நான் புனேவுக்கு வந்துதான் பார்க்க வேண்டும். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்ன தேதிப்படி பார்த்தால் குழந்தை பிறந்து பத்துப் பதினைந்து நாளில் காஞ்சிபுரத்தில் எனக்குப் பரீட்சை. தபால் வழியில் படிக்கிற பி.காமில் பாக்கி இருக்கிற ஒரே பேப்பர், காஸ்ட் அக்கவுண்டிங். நடுவில் ஒரு நாலு நாள் மட்டும் ரயிலேறி வந்து எழுதிவிட்டு ஓடி வந்துவிடுகிறேன், அந்த நாலு நாள் நீ லீவு போட்டு வீட்டில் இரு என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டேன். "அந்த வாரம் ஆடிட்மா, நான் இல்லன்னா லைனே நின்னுடும். ஒரு பேப்பர்தானம்மா, அடுத்த தடவ எழுதிக்கக் கூடாதா?" என்றாய். அப்படியானால் நாலு நாளைக்கு ஓர் ஆளைப் போடு என்றேன். நீ சிரித்தாய். "ஏஜென்சிக்காரன் மாசத்துக்குத்தான் பேசுறான், எவ்ளோ கேக்குறான் தெரியுமா? நீ இருந்தா செலவே இல்லம்மா" என்றாய். பிரியத்தோடுதான் சொன்னாய், எனக்குத் தெரியும். நானும் சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தேன். அப்புறம் அடுப்பில் பால் பொங்கி வழிந்து பர்னர் அணைகிறவரைக்கும் அதன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

உன் அம்மா என்ன செய்கிறாள் என்று உன் ஆபீஸில் யாராவது கேட்டால், ஏதோ கம்பெனியில் இருக்கிறாள் என்று சொல்வாயாக்கும். ஒரகடத்தில் கார்க் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனியில், ஸ்டோர்ஸில் இருக்கிறேன். காலையில் கேட்டிலேயே போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வெளியே யார் செத்தாலும் பிழைத்தாலும் ஷிப்ட் முடிந்துதான் எனக்குத் தெரியும். மேலே ஷீட் கூரை, வெயில் ஏறினால் உள்ளே ரப்பர் வாடையில் தலை கனக்கும். கார் கம்பெனிக்காரனுக்குத் தன் இடத்தில் சரக்கை அடுக்கி வைக்கப் பிடிக்காது. வேண்டிய நேரத்தில் வேண்டிய பெட்டி மட்டும் அவன் வாசலில் வந்து நிற்க வேண்டும். அவன் எப்போது எதைக் கேட்பானோ என்று எல்லாவற்றையும் அடுக்கி வைத்துக்கொண்டு நாங்கள் காவல் இருக்கிறோம். சோறு தின்னப் போவதென்றாலும் ஒருத்தி திரும்பி வந்தபின்தான் இன்னொருத்தி போகலாம். ஒரு பெட்டி தாமதமானால் அங்கே லைன் நின்றுவிடும், இங்கே மேனேஜர் எங்கள் தலைமேல் நிற்பார். நீயும் புனேவில் ஒரு கார் கம்பெனியில் இதே வேலையைத்தான் அந்தப் பக்கம் குளுகுளு அறையில் உட்கார்ந்து பார்க்கிறாய். சரக்கே இல்லாமல் லைனை ஓட்டுகிறேன் என்று தீபாவளிக்கு வந்தபோது பெருமையடித்துக்கொண்டாய். அந்தச் சரக்கு ஆவியாகிப் போய்விட்டது என்றா நினைத்தாய்? அது எவளோ ஒருத்தியின் ஸ்டோர்ஸில்தான் இருக்கிறது. அவளுக்கும் ஒரு பிள்ளை இருப்பான், அவனும் எங்கேயாவது பெரிய வேலையில் இருப்பான்.

இத்தனை வருஷம் ஆகியும் நான் இன்னும் காண்ட்ராக்ட் ஆள்தான். ஸ்டோர்ஸ் கணக்கு எழுதுகிறவர் இந்த வருஷம் ரிடையர் ஆகிறார். "டிகிரிய முடிச்சுட்டு வாம்மா, அந்த சீட்டுல உன்ன பர்மனென்ட்டாவே போட்டுக்குறேன்" என்று மேனேஜர் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். பிரசவத்துக்கென்று சம்பளமில்லாத லீவும் முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். ஆனால் அவர் காத்திருப்பது இந்தப் பரீட்சை ரிசல்ட் வரைக்கும்தான். அடுத்த தடவை என்று நீ சுலபமாகச் சொல்கிறாய். அதுவரைக்கும் எனக்காக அந்த நாற்காலியைத் துணி போட்டு மூடியா வைத்திருப்பார்கள்? நேற்று காலேஜ் முடித்த பையன் ஒருத்தன் வந்து உட்காருவான், நான் அவனுக்குப் பெட்டி எண்ணிச் சொல்லிக்கொண்டே நின்று நின்று கிழவியாகிவிடுவேன். எனக்கு உட்கார வேண்டும்டா. என் பெயர் எழுதியிருக்கிற ஒரு மேஜை வேண்டும். இதை இதற்குமுன் யாரிடமும் இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை.

எங்கள் அக்கவுண்ட்ஸில் ஜெபா என்று ஒரு பெண். திருநெல்வேலிப் பக்கம், சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வருகிறாள். உன்னைவிடச் சின்னவள். டீ இடைவேளையில் அவள்தான் எனக்குக் கணக்குச் சொல்லித்தருகிறாள். போன மாதம் முழுக்க ஹோல்டிங் காஸ்ட். ஒரு சரக்கை வாங்கி ஒரு வருஷம் சும்மா வைத்திருந்தால் அதற்கு எவ்வளவு செலவு என்று கண்டுபிடிக்க வேண்டும். முடங்கிக் கிடக்கிற பணத்துக்கு வட்டி, இன்சூரன்ஸ், கெட்டுப்போவது, பழசாகிப்போவது என்று கணக்கில் வரிசையாகக் கொடுத்திருப்பான். அந்த வரிசையில் நடுவே ஸ்டோர்கீப்பர் சம்பளமும் உட்கார்ந்திருக்கும். நான் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிக் கொண்டுபோய் நீட்டுவேன், அவள் ஒவ்வொரு முறையும் தலையில் கைவைத்துக்கொள்வாள்.

"என்னக்கா, மறுபடியும் அதையே செஞ்சு வச்சிருக்கிய?"

"இன்னாடி தப்பு?"

"ஸ்டோர்கீப்பர் சம்பளத்த எதுக்குச் சேத்திய? அது சேராதுக்கா."

"ஏன் சேராது? கணக்குலயே போட்டுக்கீதே, இந்தா பாரு."

"ஆள ஏமாத்தத்தான் போட்டிருக்கான். சரக்கு மலை மாதிரி கெடந்தாலும் அந்த ஆளுக்கு அதே சம்பளம், ஒண்ணுமே இல்லாட்டியும் அதே சம்பளம். சரக்கு கூடக் கூட எது கூடுதோ அத மட்டுந்தான் எடுக்கணும். வட்டி கூடும், இன்சூரன்ஸ் கூடும். ஆளு எப்படியும் இருக்கத்தானக்கா செய்யும்?"

"சரக்கு கூடக் கூட எனக்கு முதுகு வலி கூடுதுடி."

"முதுகு வலிக்கெல்லாம் புஸ்தகத்துல எடம் இல்லக்கா. அடிங்க அத."

அவள் சொன்னது சரிதான், எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் அடுத்த கணக்கில் அதே தப்பைச் செய்தேன். வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள். அக்கவுண்ட்ஸ் பையன்கள் ஒரே கோடாக இழுத்து அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். நான்தான் அந்த வரியில் வந்ததும் பேனாவை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். விடிந்ததும் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, நாள் முழுக்க நின்று காவல் காக்கிறவளை என் கையாலேயே எப்படி அடிப்பது? கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அடிக்கப் பழகிவிட்டேன். பழகிக்கொண்டு வருகிற நேரத்தில்தான் நீ போனில் அப்படிச் சொன்னாய். நீ வைத்த பிறகு ஜெபாவின் குரல்தான் காதில் கேட்டது. ஆளு எப்படியும் இருக்கத்தானே செய்யும்.

உன் பிளஸ் டூ பரீட்சையை நினைத்துப் பார். வீட்டில் கேபிளைப் பிடுங்கிப் போட்டோம். உங்கப்பா தான் ஓட்டுகிற கம்பெனி ஸ்டாஃப் பஸ்ஸை வழக்கமாக வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறவர், அந்த மாதம் முழுக்கத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். குக்கர் விசில் உனக்குத் தொந்தரவு என்று நான் பானையில் சோறு வடித்தேன். என் தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது. எம்பையனுக்குப் பரீட்சை, வர முடியாது என்று சொல்லிவிட்டேன். சொந்தப் பெரியம்மாவே வரவில்லை என்று தங்கை வெகுநாள் என்னோடு பேசவில்லை. ஆனால் ஊரில் ஒருத்தர்கூட என்னைத் தப்பாகப் பேசவில்லை. பையனுக்குப் பரீட்சை என்றால் எல்லாரும் வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். இப்போது எனக்குப் பரீட்சை, உங்கப்பா டிவி சத்தத்தைக்கூடக் குறைக்க மாட்டேன் என்கிறார். கேட்டால், "நீ பாட்டுக்குப் படி, நான் இன்னா உன் புக்கப் புடுங்கிக்கினா கீறேன்?" என்கிறார். எதிர்வீட்டில் போய், "பேரப்புள்ள பொறக்கப்போவுது, எங்க வூட்டுக்காரிக்குப் பரிச்சையாம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வருகிறார். கெட்ட மனிதர் இல்லை, உனக்கே தெரியும். அவருக்கு அது நிஜமாகவே சிரிப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, கோபம் வந்தால் வராமல் இருந்துவிட வேண்டியதுதானே என்று நீ கேட்கலாம். வேறு எவளாவது மருமகளாக வாய்த்திருந்தால் இருந்திருப்பேன். இந்தப் பெண்ணைப் பிடித்துத் தொலைத்திருக்கிறதே! டாக்டர் பயணமே கூடாது என்றதால் வளைகாப்பை புனேவிலேயே வைத்தோம். உன் பக்கத்து வீட்டு மராட்டிக்காரிகள் வந்து, நம் வழக்கம் புரியாமல், வளையலைப் போட்டுவிட்டு அவள் வாயில் சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டார்கள். நீ போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாய். அம்மா இருந்திருந்தால் போட வேண்டிய முதல் வளையலை நான்தான் போட்டேன். அவள் கை சில்லென்று இருந்தது. வளையல் ஏறியபிறகும் என் விரலை அவள் விடவில்லை. "அத்த, டெலிவரி டைம்ல நீங்க என் பக்கத்துலயே இருப்பீங்கல்ல? ஊருக்குப் போயிட மாட்டீங்கல்ல?" என்று காதில் கேட்டாள். "நான் எங்கடி போவப்போறேன், இங்கியேதான் இருப்பேன்" என்றேன். அப்போது பரீட்சைத் தேதி வந்திருக்கவில்லை. ஊர் திரும்பியபிறகுதான் வந்தது. தேதியைப் பார்த்ததும் காலண்டரை எடுத்துவைத்து, டாக்டர் சொன்ன நாளிலிருந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

அன்றிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். வரவில்லை என்றால் தாயில்லாத பெண்ணிடம் பொய் சொன்னவள். வந்து, பரீட்சையை விட்டால் அந்த மேஜை போச்சு. பஸ்ஸில் உட்கார்ந்தால் இதே யோசனை, பெட்டி எண்ணினால் இதே யோசனை, நாற்பதை இரண்டு தடவை எண்ணுகிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரில் முட்டிக்கொள்கிற மாதிரி இருக்கிறது. 

நீ போன் பேசின மறுநாள் ஜெபா ஒரு புதுக் கணக்கைக் கொடுத்தாள். அதிலும் வட்டி, இன்சூரன்ஸ், சேதாரம், நடுவே அதே ஸ்டோர்கீப்பர் சம்பளம். நான் சமர்த்தாக அதை முதல் வேலையாக அடித்துவிட்டு விடையைக் காட்டினேன். பாராட்டுவாள் என்று பார்த்தால், "தப்புக்கா" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"சேத்தா சேக்காதன்ற, சேக்கலன்னா தப்புன்ற. இன்னாதான்டி வேணும் உனக்கு?"

"கடைசி வரியப் படிக்கலியேக்கா நீங்க. அந்த ஸ்டோர்கீப்பருக்கு வேற டிபார்ட்மென்ட்டுல வேல ரெடியா இருக்கு. இந்தச் சரக்கக் காக்குறதுக்காக அவர அங்க அனுப்பாம இங்கயே நிப்பாட்டி வச்சிருக்காவ. அங்க அவருக்குப் பதிலா வேற ஆளுக்குத் துட்டு குடுக்காவ. அப்பச் சேக்கணும்."

"அதே ஆளு, அதே சம்பளம்தானடி?"

"இல்லக்கா. போக்கிடம் இல்லாத ஆளுன்னா சேராது. போறதுக்கு ஓரிடம் இருந்து, இதுக்காகப் போகாம நிக்காருன்னா, அந்த நட்டமும் இந்தச் சரக்கோட செலவுதான்."

அப்படியே டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய், "எக்கா, கணக்குதானக்கா, இதுக்குப் போயி ஏன் அழுதிய?" என்றாள். ரப்பர் நாத்தத்தில் கண்ணு எரியுதுடி என்றேன். அவள் நம்பவில்லை, ஆனாலும் மேற்கொண்டு கேட்காமல் எனக்கு இன்னொரு டீ வாங்கி வந்து கொடுத்தாள்.

ஆகவே கேட்டுக்கொள். என்னை வரச்சொன்னதில் உன்மேல் ஒரு தப்பும் இல்லை. உன் பிள்ளைக்கு நான் வராமல் யார் வருவார்கள்? செலவே இல்லை என்றாயே, அங்கேதான் தப்பு செய்தாய். இத்தனை நாளும் உனக்கும் உங்கப்பாவுக்கும் நான் போக்கிடம் இல்லாத ஆளாகவே இருந்துவிட்டதால் உனக்கு அப்படித் தோன்றுகிறது. இப்போது எனக்குப் போவதற்கு ஓரிடம் இருக்கிறது, காஞ்சிபுரத்தில், ஒரு பரீட்சை ஹாலில், என் நம்பர் ஒட்டிய பெஞ்சு. நான் அதற்குப் போகாமல் உன் வீட்டில் நின்றால் அது செலவு. நீ நாலு நாள் லீவு போட்டால் உன் லைன் நிற்கும் என்றாய், அது உனக்குச் செலவாகத் தெரிகிறது இல்லையா? அதே மாதிரிதான். நீ இன்ஜினியரிங் படித்தவன், உனக்கு ஜெபா வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

நேற்று சுகன்யாவோடு பேசினேன். பரீட்சை விஷயத்தை நீ அவளிடம் சொல்லவே இல்லையாமே. நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "அவர் வீட்ல இருந்தா எனக்குப் பயம் இல்ல அத்த, நீங்க போய் எழுதிட்டு வாங்க. ஒண்டியா மட்டும் விட்டுடாதீங்க" என்றாள். அவளே, "ஆனா அவர் லீவு போடுவாரா?" என்றும் கேட்டாள். அதை நான் அவனிடம் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அதைத்தான் இத்தனை பக்கமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வருவதற்கு டிக்கெட் எடுத்தாயிற்று. சுக்கு, பூண்டு, பிரசவ லேகியம், உங்கப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்த துணி எல்லாம் மூட்டை கட்டியாயிற்று. நான் இருக்கிற நாட்களிலேயே நீ ஒவ்வொன்றாகப் பழகிக்கொள். பிள்ளையைத் தூக்கும்போது ஒரு கை தலைக்கும் கழுத்துக்கும் அடியில் இருக்க வேண்டும், கழுத்து நிற்கிறவரைக்கும் இதில் விளையாட்டே கூடாது. பால் குடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டு, ஏப்பம் வராமல் படுக்கவைக்காதே. ஈரத்துணியை மாற்ற அவளை எழுப்பாதே, அது உனக்கே வரும். அவள் சோற்றைச் சூடாகப் போட்டுக் கொடு. அவள் காரணமில்லாமல் அழுதால் எதற்கு அழுகிறாய் என்று அதட்டாமல் பக்கத்தில் போய் உட்கார். நாலு நாளைக்கு இதுதான் வேலை. கார் நாலு நாள் கழித்து வந்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

காஞ்சிபுரத்துக்கு வரவும் டிக்கெட் எடுத்துவிட்டேன். அன்று காலையில் குளித்துத் தலைவாரி, பையை வாசலில் வைத்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ லீவு போட்டுவிட்டு வந்து இரண்டு கையையும் நீட்டினால் கொடுத்துவிட்டுக் கிளம்புவேன். நீ லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றால் உன்னோடு ஒரு வார்த்தை சண்டை போடமாட்டேன். அந்தப் பெண்ணை ஒண்டியாக விட்டுவிட்டு என்னால் ரயிலேற முடியாது. அது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மா